பேய் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்? ஜோஹன்னஸ்பர்க் ஹாலோவீன் இரவுகள்: சில வருட அனுபவம்

ஜோஹன்னஸ்பர்க்குக்குக் குடிவந்த நாளிலிருந்து ஹாலோவீன் வரும் அக்டோபர் கடைசி என்றால் எங்கள் வீட்டில் பேய் வீட்டுப் பேச்சுதான். பேய் வீடு என்றால், டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்களைப் பேய் வேஷத்தில் நடிகர்கள் பயமுறுத்தும் இடம். தீம் பார்க், பண்ணைத் திடல், மால் வாகன நிறுத்தம் என்று எங்கே போட்டாலும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். எந்த இடத்துக்கு எத்தனை ஸ்டார் என்று நான் எழுதப்போவதில்லை. வருடா வருடம் வீட்டின் கதை மாறுகிறது, உள்ளே நிற்கும் ஆட்களும் மாறுகிறார்கள். போன வருட மதிப்பெண் இந்த வருடத்துக்கு உதவாது. இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது: பேய் வீட்டின் தரம் உள்ளே நடிப்பவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் களைப்பில்லாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து நாம் உள்ளே போனால் கொடுத்த காசுக்கு நியாயம் கிடைக்கும்.

முதலில் பொழுது. அமெரிக்காவில் ஹாலோவீன் இலையுதிர் காலத்தில் வருகிறது, பொழுது குறைந்துகொண்டே போகும். நமக்கோ அக்டோபர் வசந்தகாலம். தெருவெல்லாம் ஜக்கராந்தா ஊதாவாகப் பூத்துக் கிடக்கும், சூரியன் மறையவே ஆறேகால் ஆகும். ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றால், தார்ப்பாய் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே விழும். சுவரில் பூசியிருக்கும் ரத்தம் பெயின்ட் என்று பளிச்சென்று தெரியும். ஏழு மணிக்கு உள்ளே நுழைவதுதான் சரி. ஒன்பதுக்கு மேல் கூட்டம் நெருக்கும், நடிகர்களுக்கும் தொண்டை போய்விட்டிருக்கும்.

இன்னொரு சங்கதி மழை. இந்த ஊர் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் இந்த மாதத்தில் சாயங்கால இடிமழை சகஜம். மின்னல் அடித்தால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அந்தக் கூட்டம் மொத்தமும் கூரையுள்ள பேய் வீடுகளுக்குத் திரும்பும். வானம் கறுத்தால் நேரே பெரிய வீட்டின் வரிசையில் போய் நின்றுவிடுங்கள். ரைடு எங்கும் போகாது, மழை விட்டதும் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாலோவீனுக்கு முகம் வெட்டி விளக்கு வைக்கும் பூசணிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் நாம் சமைக்கும் ஃப்ளாட் ஒயிட் போயர் பூசணி வெளுத்த சாம்பல் நிறம், தட்டையாக இருக்கும். அதில் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைத்த ஒரு வாசலைப் பார்த்தேன். மண்டையோடு மாதிரியே இருந்தது. ஆரஞ்சுப் பிளாஸ்டிக் பூசணிகளைவிட அதற்கு நூறு மடங்கு களை.

எங்கள் பக்கத்து வீட்டு ஆயா இங்கேயே பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அக்டோபர் தொடக்கத்திலேயே டிக்கெட் போட்டால், "புரட்டாசி முடியட்டும் கண்ணு, அப்புறம் போங்க" என்பார். இங்குள்ள தமிழர் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. பூங்காவுக்குள் எங்கே திரும்பினாலும் பூரவோர்ஸ் என்ற இந்த ஊர் இறைச்சி சாசேஜ் சுடும் வாசனை, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க சிப்ஸைத் தவிர ஒன்றும் இருக்காது. அவர் சொன்னபடி ஐப்பசி பிறந்த பிறகு போவதுதான் எல்லோருக்கும் நிம்மதி. 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31-ல் வந்தது, அந்த வருடம் முந்தின வாரமே போய் வந்துவிட்டோம்.

இனி வீட்டுக்குள். ஆட்களை அனுப்பும் விதம் இரண்டு. ஆறேழு பேராகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு அனுப்புவது ஒன்று. வரிசையை அறுக்காமல் ரயில்பெட்டி போல் ஓட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டாவது முறையில், முன்னால் போகிறவர் அலறுவதைப் பார்த்தே எந்த மூலையில் ஆள் நிற்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும். நடிகருக்கும் திரும்பி ஒளிய நேரம் இருக்காது. கூட்டம் ஏறினால் நல்ல இடத்திலும் இப்படித்தான் ஆகிறது. வாசலில் ஐந்து நிமிடம் நின்று எப்படி அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கலாம்.

நல்ல வீடு எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஓர் அறையைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி மூடிய பொம்மைகள், எல்லாம் ஒரே உயரம். புகை மெஷினின் தித்திப்பான வாசனை. மெதுவாக நடந்தபோது மூன்றாவது பொம்மையின் வாய் இருக்கும் இடத்தில் துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு! கண்டுபிடித்துவிட்டேன் என்று அதையே பார்த்துக்கொண்டு தாண்டினேன், இடது பக்கம் ஒரு பலகை படாரென்று விழுந்தது. எல்லோரும் இடது பக்கம் திரும்பினோம். வலது பக்கத்தில் நான் பொம்மையென்றே முடிவுகட்டியிருந்த ஒன்று என் காதருகே வந்து "ஹ்ம்" என்றது. அவ்வளவுதான். தொடவில்லை, கத்தவில்லை. அன்று என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. மூன்றாவது பொம்மை வேண்டுமென்றே மூச்சைக் காட்டியிருக்கிறது என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்த இருவரையும் தேடிப்பிடித்துக் கைகுலுக்க வேண்டும் போல் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, ஒரு மாலில் பார்த்தது: மூலைக்கு மூலை ஸ்பீக்கர், கண் கூச விட்டு விட்டு மின்னும் வெட்டு விளக்கு, மரம் அறுக்கும் செயின்சாவின் சத்தம். முதல் அறையிலேயே காது அடைத்துவிட்டது, பயம் வரவே இல்லை. டென்மார்க்கின் வய்லே ஊருக்கு அருகில் டிஸ்டோபியா என்ற பேய் வீட்டில் 110 பேருக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவி கட்டி ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. பயம் குறைந்தாலும் ரசனை குறைகிறது, அளவு மீறினாலும் குறைகிறது, நடுவில்தான் உச்சம் என்று அதில் கண்டார்கள். அந்த நடுவைப் பிடிப்பது ஆள் முகத்தைப் பார்த்து அளக்கத் தெரிந்த நடிகரால்தான் முடியும், ஸ்பீக்கரால் முடியாது.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. கோமாளி, கன்னியாஸ்திரி, செயின்சா எல்லாமே இறக்குமதிச் சரக்கு. தீம் பார்க்கில் ஹாலோவீன் இரவு நடத்துவது கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 1973-ல் தொடங்கிய வழக்கம், அங்கிருந்து வந்தது சரிதான். ஆனால் இது டோக்கோலோஷே என்ற குட்டைப் பேய் நடமாடும் நாடு. அது எட்டாதபடி கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்திப் படுத்த கதையை என்னோடு வேலை செய்யும் ஜூலுப் பெண்கள் சிரிக்காமல் சொல்வார்கள். இங்கே வளர்ந்த என் மகளுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசைவிட டோக்கோலோஷேதான் பயம். செங்கல் மேல் ஏற்றிய ஒரு கட்டில், அதற்குக் கீழே இருட்டு, அது போதும். இன்னும் யாரும் அப்படி ஓர் அறை கட்டி நான் பார்க்கவில்லை.

இருட்டுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. கோல்ட் ரீஃப் சிட்டி தீம் பார்க் நிற்பதே பழைய கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14-ம் எண் குழியின் மேல். அங்குள்ள டவர் ஆஃப் டெரர் ரைடின் பெட்டி உயரே ஏறி, செங்குத்தாகப் பூமிக்குள் இறங்கும். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கும் பகல் சுற்றுலாவும் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கே கூட்டிப் போவேன்.

பாதுகாப்பைப் பற்றி இதில் சொல்லாமல் விட முடியாது. 1984 மே 11-ல் நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவில் ஹான்டட் காசில் தீப்பிடித்து எட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். லாரி டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய வீடு அது. சிகரெட் லைட்டர் நெருப்பு சுவரில் வைத்திருந்த ஃபோம் பஞ்சில் பற்றியது. தண்ணீர் தெளிப்பான் கிடையாது. அதைப் படித்ததிலிருந்து உள்ளே நுழைந்ததும் என் கண் வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கைத் தேடும். அந்த விளக்கு இருட்டைக் கெடுக்கிறது என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தற்காலிகக் கொட்டகையில் துணியும் ஃபோமும் தொங்கி, விளக்கும் கண்ணில் படவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்குப் புகையும், வலிப்பு இருப்பவர்களுக்கு வெட்டு விளக்கும் ஆகாது. வாசலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் விஷயத்தில், வயதைவிட சுபாவம்தான் முக்கியம். டர்பனிலிருந்து வந்த அக்கா மகன் பாதி வழியில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். எதிரே நின்ற நடிகை சட்டென்று குரலை இறக்கி, ஓரமாக இருந்த ஊழியர் கதவைக் கை காட்டினார், இரண்டே எட்டில் வெளியே வந்துவிட்டோம். அவனை யாரும் கேலி செய்யவில்லை, நாங்களும் செய்யவில்லை. அன்றிரவு வெளியே நின்று, அலறிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தே அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அடுத்த அக்டோபரில் "சித்தி, இந்த வாட்டி நான் முன்னாடி போறேன்" என்று அவனே போன் செய்தான். கூட்டிப் போனேன்.