ஓஹிப் பிளஸ்: மூத்தவளுக்குக் கிடைத்தது, சின்னவளுக்குக் கிடைக்கவில்லை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 24 வயது வரையான பிள்ளைகளின் மருந்துக்கு மாகாண அரசு காசு கட்டும் திட்டம்தான் ஓஹிப் பிளஸ். கருத்தடை மாத்திரையும் அதில் அடக்கம். என் இரண்டு மகள்மாரும் அதனால் கண்ட நன்மை தீமையை வைத்து இதை எழுதுகிறேன்.

திட்டம் தொடங்கியது 2018 ஜனவரி 1. அந்த வருசம் மூத்தவளுக்கு 17 வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் டொக்டரிடம் கருத்தடை மாத்திரைக்கு மருந்துச் சீட்டு வாங்கி, பார்மசியில் ஹெல்த் காட்டை (மாகாண மருத்துவ அட்டையை) நீட்டியிருக்கிறாள். தனியாகப் பதிய வேண்டியிருக்கவில்லை. ஒரு சதமும் கேட்கவில்லை, வீட்டுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. இங்கே சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வயதெல்லை கிடையாது. விளங்கி முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளை தானே சம்மதிக்கலாம். எனக்கு இதெல்லாம் தெரிய வந்ததே நாலு வருசம் கழித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவளாகச் சொல்லித்தான். கோபம் வரவில்லை. பிள்ளை கவனமாக இருந்திருக்கிறாள் என்ற ஆறுதல்தான் வந்தது.

சின்னவள் 17 வயதுக்கு வருவதற்குள் விதி மாறிவிட்டது. 2019 ஏப்ரலில் இருந்து, தனியார் காப்புறுதி உள்ள பிள்ளைகளுக்கு ஓஹிப் பிளஸ் இல்லை. அந்தக் காப்புறுதி குறிப்பிட்ட மருந்துக்குக் காசு தராவிட்டாலும் இல்லைதான். எங்கள் பிள்ளைகள் என் வேலைக் காப்புறுதியில் இருக்கிறார்கள்.

போன வருசம் அவளுடைய பல் வைத்தியக் காசு வந்துவிட்டதா என்று பார்க்கக் காப்புறுதிக் கணக்கைத் திறந்தேன். அதற்குக் கீழே அவளுடைய பெயர், திகதி, ஒரு மாத்திரையின் பெயர், 80 வீதம் கொடுத்தாயிற்று என்ற வரி. மாத்திரையின் பெயரைத் தேடிப் பார்த்தேன், கருத்தடை மாத்திரை. பின்னேரம் அவள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியவரும் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை, அம்மா" என்றாள். நான் ஏசவில்லை. ஆனாலும் இரண்டு கிழமை அவள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அடுத்த மாதம் மாத்திரை எடுக்கவும் போகவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

இந்தத் திட்டத்துக்கு ஐந்துக்கு இரண்டரை புள்ளி கொடுப்பேன். 2018இல் கேட்டிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். பதின்ம வயதுப் பிள்ளைக்கு மாத்திரை இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு முக்கியமோ, அது வீட்டுக்குத் தெரியாமல் கிடைப்பதும் அவ்வளவு முக்கியம். என் வீட்டில் நடந்தது ஒரு மனத்தாங்கலோடு போயிற்று. தகப்பன் கை நீட்டுகிற வீட்டில் அதே வரி திரையில் வந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் வயது, வருமானம் பார்க்காமல் மருந்துச் சீட்டோடு வரும் கருத்தடைக்கு மாகாணமே காசு கட்டுகிறது. ஒன்ராறியோவாலும் அது முடியும். குறைந்தபட்சம் கருத்தடைக்காவது அந்த 2019 விதியை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம், எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் பாலியல் நலக் கிளினிக்குகளில் கருத்தடை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கிடைக்கும். ஹெல்த் காட் இல்லாமலும் போகலாம். சின்னவள் இப்போது அங்கேதான் போகிறாள். போன முறை நான்தான் காரில் கொண்டுபோய் இறக்கினேன். உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை.