தீப்பொறி தடுக்கும் வென்ட் என்று சொல்லி 6,500 டாலரைச் சுருட்டிவிட்டார்

கலிபோர்னியாவில் மலையடிவாரப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பற்றிய தீக்குப் பிறகு இங்கே எல்லோருக்கும் பயம். காற்றில் பறந்து வரும் தீப்பொறி அட்டிக் வென்ட், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே புகுந்தால் போதும், வீடு உள்ளிருந்தே எரியும். அதனால் வென்டுகளை மாற்ற, வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப் மூலம் ஒரு கான்ட்ராக்டரை வரவழைத்தேன்.

வந்தவர் பையிலிருந்து ஒரு வென்டை எடுத்து, அதில் கேஸ் டார்ச்சைப் பிடித்தார். தேன்கூடு மாதிரி இருந்த கண்கள் உப்பி அடைத்துக்கொண்டன. பின்னால் வைத்த பேப்பர் கருகக்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு யார்தான் நம்ப மாட்டார்கள்?

எச்.ஓ.ஏ., அதாவது எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம், அதன் அனுமதி பற்றிக் கேட்டேன். "சட்டம் உங்கள் பக்கம், பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சட்டம் இருப்பது நிஜம்தான். தீ தாங்கும் கூரைப் பொருள் ஒரு வகையையாவது சங்கம் அனுமதித்தாக வேண்டும். ஆனால் அது கூரைக்கு, வென்டுக்கு இல்லை! முன்பணம் 4,000, வேலை நடுவில் 2,500. ஆக 6,500 டாலர்.

மாட்டிவிட்டுப் போனது சாதாரணக் கம்பி வலை. கண்ணி எட்டில் ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது இங்கே விதி. இதில் கால் அங்குலம், பென்சில் முனை தாராளமாக உள்ளே போகிறது. அப்புறம் சங்கத்திலிருந்து கடிதம்: விண்ணப்பமே வரவில்லை, கருப்பு நிறமும் ஒத்துவராது, கழற்றுங்கள்.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால் "சைட்டில் இருக்கிறேன்". பிறகு அதுவும் இல்லை, என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். ஆப்காரர்களோ "நாங்கள் அறிமுகம் செய்வதோடு சரி" என்று மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே பதிலை ஒட்டுகிறார்கள். சங்க மேனேஜர் "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம்" என்கிறார். 6,500 டாலர் யாருக்குமே விஷயமில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்பது இங்கே சட்டப்படி தப்பு. கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாநில லைசன்ஸ் போர்டு தளத்தில் அவர் லைசன்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். சங்க அனுமதியை நீங்களே எழுத்தில் வாங்குங்கள். வென்ட் பெட்டியைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று மாடல் நம்பரைப் போட்டோ எடுங்கள். போர்டில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.