தோட்டக் கொட்டகைக்கு மின்சாரம்: வீட்டு எர்த்தை இழுப்பதா, அங்கேயே தனி எர்த் போடுவதா?

வீட்டுக்குப் பின்னால், மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி, தகர ஷீட் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஒரு எச்.பி. மோட்டார், இரண்டு எல்.இ.டி. விளக்கு, புல் வெட்டும் மிஷினுக்கு ஒரு பிளக். இந்த வேலைக்கு மூன்று எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் மூன்று பதில் வரும். வீட்டு எர்த்தையே மூன்றாவது கம்பியாக இழுத்துவிடலாம் என்பார் ஒருவர். பேஸும் நியூட்ரலும் மட்டும் வரட்டும், கொட்டகை ஓரமாகக் குழி தோண்டித் தனி எர்த் போடுவோம் என்பார் இன்னொருவர். நியூட்ரலையே மோட்டார் பாடியில் கட்டிவிட்டால் முடிந்தது என்பார் மூன்றாமவர்.

மூன்றாவது யோசனையை இப்போதே தள்ளிவிடுங்கள். கட்-அவுட்டில் (மீட்டர் பக்கத்து ப்யூஸ் கட்டையில்) நியூட்ரல் லூசாகிவிட்டால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் வழியாக 230 வோல்ட் நேரே மோட்டார் பாடியில் வந்து நிற்கும். எந்தக் கோளாறும் இல்லாத மோட்டார், தொட்டவரைக் கொல்லும். கம்பத்தில் வேலை பார்க்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் அதே கதிதான்.

மற்ற இரண்டையும் எடைபோட ஒரு கணக்கு தேவை. மின்வாரியத்திடமிருந்து சிங்கிள் பேஸ் இணைப்பில் நமக்கு வருவது பேஸ், நியூட்ரல் இரண்டும்தான். எர்த் நாம் போட்டுக்கொள்வது. எர்த்தின் மின்தடையை ஓமில் சொல்வார்கள், குறைய குறைய நல்லது. நம் எர்த் குழி 10 ஓம், டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பாடியில் பேஸ் தொட்டால் மண் வழியாகத் திரும்பி ஓடுவது 230 வகுத்தல் 15, அதாவது சுமார் 15 ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இதற்கு அசையாது. சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமென்றால் அதன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, 80 முதல் 160 ஆம்ப்ஸ் பாய வேண்டும். அதுவரை மோட்டார் பாடியில் ஏறக்குறைய 153 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். "நல்லா எர்த் போட்டிருக்கோம்" என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆளை ஏமாற்றுகிறது. உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் ஒன்றாக இல்லாவிட்டால், அதாவது எங்காவது கசிந்தால், விழும் ஸ்விட்ச் இது. அந்த அளவு கசிந்தாலே 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 வினாடி. எந்த எர்த்தைத் தேர்ந்தெடுத்தாலும் இது இல்லாமல் கொட்டகைக்கு லைன் கொடுக்கக் கூடாது.

வீட்டு எர்த்

வசதி வெளிப்படை: மூன்று கோர் கேபிள் ஒன்றே போதும், கவனிக்க வேண்டிய குழியும் ஒன்றுதான். ஆபத்து மறைவானது. வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை, வாஷிங் மெஷின் பாடியில் பேஸ் இறங்கிவிட்டது என்று வையுங்கள். மேலே சொன்ன 153 வோல்ட் அந்த எர்த் கம்பி வழியே கொட்டகைக்கும் போய், மோட்டாரிலும் தகரச் சுவரிலும் ஏறும். வீட்டுக்குள் செருப்போடு டைல்ஸ் மேல் நிற்பவருக்கு லேசான சுரீர். கொட்டகையில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது மரண அடி. கொட்டகையில் இருக்கும் ஆர்.சி.சி.பி. இதைத் தடுக்காது, கோளாறு அதற்கு முன்னால் இருப்பதால். ஆக, வீட்டு எர்த்தை இழுப்பதற்கு ஒரே நிபந்தனை: வீட்டின் எல்லா லைனும் ஆர்.சி.சி.பி. வழியாகப் போக வேண்டும்.

தனி எர்த்

வீட்டுக் கோளாறு இங்கே வராது என்பதே இதன் பலம். பழைய வீடு, எர்த் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, போர்டை மாற்றவும் இப்போது வழியில்லை என்றால் இதுதான் சரி. ஆனால் பிரிப்பது முழுமையாக இருக்க வேண்டும். ஆர்மர் கேபிள் போட்டிருந்தால் அதன் இரும்புக் கவசம் வீட்டுப் பக்கம் மட்டும் எர்த் ஆக வேண்டும். கொட்டகைப் பக்கம் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எதையும் தொடாமல் நிறுத்துங்கள். கேபிள் முனையைப் பிடிக்கும் இரும்புக் கிளாண்டைத் தகரச் சுவரில் முடுக்கினால் பிரித்த இரண்டு எர்த்தும் அங்கேயே சேர்ந்துவிடும். வீட்டிலிருந்து கொட்டகைக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாய் வந்தாலும் இதே சிக்கல். இடையில் இரண்டு மீட்டர் பி.வி.சி. குழாய் வைத்துவிடுங்கள்.

30 மீட்டர் தூரத்தில், வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், வீட்டு எர்த்தை இழுத்து, கொட்டகை ஓரத்திலும் ஒரு பைப் எர்த் போட்டு இரண்டையும் சேர்ப்பதே நாங்கள் பரிந்துரைப்பது. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றது இருக்கும். வீட்டு லைன்களுக்கு ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் மட்டும் தனி எர்த்.

ஆர்.சி.சி.பி. எங்கே?

கொட்டகையிலேயே வைத்தால் விழுந்ததும் அங்கேயே தூக்கிவிடலாம். ஆனால் 30 மீட்டர் கேபிளுக்குப் பாதுகாப்பு இருக்காது. மண்வெட்டி பட்டால் எம்.சி.பி. மட்டுமே துணை, அதன் லட்சணத்தை மேலே பார்த்தோம். வீட்டுப் போர்டில் வைப்பது மேல். வீட்டுக்கான ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். மழையில் கொட்டகைப் பிளக் நனைந்தால் வீடே இருண்டு பிரிட்ஜும் நின்றுவிடும். மெயின் ஸ்விட்சிலிருந்து கொட்டகைக்குத் தனியாகப் பிரித்து, டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) 25 ஆம்ப்ஸ் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யும் போடுங்கள். ஓவர்லோடுக்கு ஆர்.சி.சி.பி. விழாது என்பதால் இரண்டும் வேண்டும். கொட்டகை நியூட்ரலை வீட்டு நியூட்ரல் கட்டையில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விளக்கைப் போட்டதுமே ஆர்.சி.சி.பி. விழும், "டப்பா பீஸ்" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். நியூட்ரல் தனியாக வரட்டும்.

கேபிளும் குழியும்

மரத்துக்கு மரம் கட்டி இழுக்கும் வயர் ஆடி ஆடித் தோல் உரியும். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2.5 சதுர மி.மீ. செம்பு, மூன்று கோர் ஆர்மர் கேபிளை 75 செ.மீ. ஆழத்தில், கீழும் மேலும் மணல் போட்டு, அதன் மேல் செங்கல் அடுக்கிப் புதையுங்கள். இந்த அளவில் 7 ஆம்ப்ஸ் ஓடும்போது இழப்பு 3 வோல்ட்தான். 1.5 சதுர மி.மீ. போட்டால் ஓடும்போது 5 வோல்ட், மோட்டார் கிளம்பும் நொடியில் 25 வோல்ட் வரை குறையும். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவான ஊரில் மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்த்துக்கு 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், கட்டட அஸ்திவாரத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி. 600க்கு 600 மி.மீ. பிளேட் எர்த் இந்தச் சிறிய வேலைக்குத் தேவையில்லை. குழி பெரிது, அடியில் கம்பி விட்டுப்போனால் கண்ணுக்கும் தெரியாது. கரி, உப்பு போட்டால் தொடக்கத்தில் ஓம் குறையும், ஆனால் உப்பு ஜி.ஐ. பைப்பையே அரிக்கும். பென்டோனைட் மண் (ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு வகைக் களிமண்) போட்டால் ஈரம் நிற்கும், அரிப்பும் குறைவு. பாறை நிலமாக இருந்தால் ஒரு பைப்போடு போராடாமல், பைப்பின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளியில் இன்னொன்று போட்டு இணையுங்கள்.

வேலை முடிந்ததும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை எரித்துக் காட்டுவார்கள். 50 ஓம் இருக்கும் மோசமான எர்த்திலும் அந்தப் பல்பு பிரகாசமாகத்தான் எரியும். அதில் ஓடுவது அரை ஆம்ப்ஸ்கூட இல்லை. ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் என்றால் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும். எர்த் டெஸ்டர் கொண்டு, இரண்டு துணைக் கம்பி அடித்து, மண் நன்றாகக் காய்ந்திருக்கும் மே மாதத்தில் ஓம் அளந்து வாங்குங்கள். அந்த எண்ணைப் போர்டு மூடியின் உட்புறம் தேதியோடு எழுதி வைத்தால் அடுத்த கோடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள். மாற்றும்வரை கொட்டகை லைன் ஆஃபிலேயே இருக்கட்டும்.