மாத்திரையைச் சேர்த்தார்கள், இரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டார்கள்: ஓர் எச்சரிக்கை

இரத்த அழுத்தத்திற்காக டெல்மிசார்டன் சாப்பிட்டுவந்த என் தந்தைக்கு, அழுத்தம் இன்னும் குறையவில்லை என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருப்பதும் அவர்களிடமிருந்த கோப்பிலேயே இருந்தன. அப்படியிருந்தும் இரத்தத்தில் பொட்டாசியத்தையோ, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையோ பார்க்கும்படி மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. போதாக்குறைக்கு, அங்கிருந்த மருந்தகத்தில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கையும், இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று கூறி சோடியம் குறைந்த உப்பையும் கொடுத்தனுப்பினார்கள். சில வாரங்களில் கைகால் தளர்ந்து, நாடித்துடிப்பு மிகவும் குறைந்த நிலையில் அவரை வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்க்க நேர்ந்தது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.8 ஆக ஏறியிருந்தது. இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அளவு அது.

இந்த மருந்துகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் பரிசோதனை ஏன் தேவை என்பது புரியும். இரத்த ஓட்டம் குறைந்ததாக உணரும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்க, அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் உடலில் சோடியத்தையும் நீரையும் தக்கவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே குறைக்கின்றன. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை அது வேலை செய்யும் இடத்தை மறிக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனை மறிக்கிறது. எப்படித் தடுத்தாலும் அழுத்தம் குறையும். கூடவே பொட்டாசியம் வெளியேறும் வழியும் குறுகும். அந்த உப்பில் சோடியத்திற்குப் பதிலாக இருந்தது பொட்டாசியம் குளோரைடு. டைக்ளோஃபெனாக்கோ சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைத்தது.

விளக்கம் கேட்டபோது, எல்லோருக்கும் பரிசோதனை தேவைப்படாது என்று அந்த மருத்துவமனை பதில் சொன்னது. அதை நான் ஏற்கவில்லை. இவ்வகை மருந்தைத் தொடங்கும் முன்பும், தொடங்கிய ஓரிரு வாரங்களிலும், அளவைக் கூட்டும்போதும் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் பார்ப்பது வழக்கமான மருத்துவ நடைமுறை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதைத் தவிர்க்க எந்த நியாயமும் கிடையாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இம்மருந்துகளை எழுதினால், அந்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வலி மாத்திரை, உப்பு மாற்று, பொட்டாசியம் கலந்த மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று உடனே கேளுங்கள். மற்றபடி பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருவுற்றவர்களுக்கு இவற்றில் பல சிசுவின் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருந்தை மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். எனலாப்ரில் வகையால் விடாத வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்து வாங்கிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.