காப்பிரைட் ஸ்ட்ரைக்கை நீக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் கோயில் சேனலைக் கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டாலில் யூடியூப் சேனல் நடத்தும் கோயில் கமிட்டிகள், தமிழ்ப் பள்ளிகள், பஜனைக் குழுக்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். ‘உங்கள் சேனலில் காப்பிரைட் பிரச்சினை இருக்கிறது, சுத்தம் செய்து தருகிறேன்’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறார். தமிழ் பேசுவார், பணிவாகப் பேசுவார், கோயில் என்றால் பாதிக் கட்டணம் என்பார். எங்களிடம் பத்தாயிரம் ராண்டுக்கு மேல் கறந்துவிட்டார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அவர் கை வைக்கும்வரை ஒரு ஸ்ட்ரைக்கும் (காப்பிரைட் மீறலுக்கு யூடியூப் போடும் தண்டனைக் குறி) இல்லாமல் இருந்த சேனல், கை வைத்தபின் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அடியோடு மூடப்பட்டுவிட்டது.

எங்கள் சேனல் 2020 ஊரடங்கில் பிறந்தது. மார்ச் 27 முதல் நாடே பூட்டிக் கிடக்க, ஏப்ரலில் பெரிய வெள்ளி வந்தது. டர்பன் பக்கத்து மாரியம்மன் கோயில்களுக்கு அது எவ்வளவு பெரிய திருவிழா நாள் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குள் குருக்களும் இரண்டு மூன்று பேரும் மட்டும். ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலை விட்டோம். அதிலிருந்து தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், புரட்டாசிச் சனி என்று எல்லாம் ஏறியது. ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுனுக்குக் குடிபோன பிள்ளைகள், நடக்க முடியாத ஆயாக்கள் எல்லாம் பார்த்தார்கள். விளம்பர வருமானம் எதுவும் கிடையாது, நாங்கள் அதற்கு விண்ணப்பிக்கவும் இல்லை.

காவடி வீடியோ என்றால் பின்னால் ஸ்பீக்கரில் ஏதாவது பக்திப் பாட்டு ஓடத்தான் செய்யும். இங்கேதான் அந்த ஆளுக்குப் பிழைப்பு. யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஓர் ஏற்பாடு உண்டு. இசை நிறுவனங்கள் தங்கள் ஒலிப்பதிவுகளை அதில் கொடுத்து வைத்திருக்கும். நாம் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவையும் மென்பொருள் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் அந்த வீடியோமேல் கிளெய்ம் (உரிமை கோரல்) விழும். விளம்பரம் போட்டு அந்தக் காசை எடுத்துக்கொள்வதா, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் வைப்பதா, வீடியோவையே தடுத்துவிடுவதா என்பது பாட்டின் உரிமைக்காரர் விருப்பம். எங்கள் வீடியோக்களில் முதல் வகைதான். நமக்கு வராத காசை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்தக் கிளெய்மால் சேனல் மூடப்படாது. ஸ்ட்ரைக் வேறு: உரிமைக்காரர் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வீடியோவையே இறக்கவைக்கும்போது வருவது அது. 90 நாளுக்குள் மூன்று வந்தால்தான் சேனலுக்கு ஆபத்து.

இந்த வித்தியாசத்தைக் குழப்பிவிட்டுத்தான் அந்த ஆள் காசு பார்க்கிறார். நான் தங்கை கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்த நேரம் பார்த்து எங்கள் பொருளாளர் அங்கிளுக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். பிறகு கேட்டேன். “ஐயா, வணக்கம். உங்க சேனலை எங்க டூல்ல போட்டுப் பார்த்தேன். பதினாலு ஸ்ட்ரைக் இருக்கு. மூணு வந்தாலே யூடியூப் மூடிடும். உங்க நல்ல நேரம் இன்னும் மூடலை. முருகன் காரியம்ங்கறதால பாதி சார்ஜ்தான் ஐயா.” மூன்று வந்தாலே மூடுவார்கள் என்பவர், பதினான்கோடு ஒரு சேனல் உயிரோடு இருக்கிறது என்கிறார். அவர் பொய் அவர் வாக்கியத்திலேயே இருக்கிறது. அங்கிள் சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றவர், கோயில் கணக்கில் ஒரு ராண்டு பிசகாதவர். யூடியூப் ஸ்டூடியோவை, அதாவது சேனலை நிர்வகிக்கும் பக்கத்தை, திறந்து பார்த்திருக்கிறார். நிறைய வீடியோக்களுக்கு எதிரே ‘காப்பிரைட்’ என்று இருந்திருக்கிறது. ஆள் சொல்வது நிஜம் என்று பட்டிருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அடுத்தவர் சேனலில் எத்தனை கிளெய்ம் இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது, சேனல்காரர் ஸ்டூடியோவில்தான் அது தெரியும். கோயில் வீடியோ என்றால் பாட்டு இருக்கும், பாட்டு இருந்தால் கிளெய்ம் இருக்கும் என்ற ஊகத்தில்தான் தூண்டில் போடுகிறார்.

இன்வாய்ஸ் ஒன்று வந்தது. மேலே யூடியூபின் சிவப்புச் சின்னம், பக்கத்தில் ஒரு வேல், கீழே ‘அங்கீகரிக்கப்பட்ட பார்ட்னர்’ என்று வரி. வாட் எண் என்று ஒன்று போட்டிருந்தார், எட்டு இலக்கம். இந்த நாட்டில் வாட் எண் 4-இல் தொடங்கும், பத்து இலக்கம் இருக்கும். தொகை 4,500 ராண்டு. அதோடு சேனலின் ஈமெயில், பாஸ்வேர்டு, போனுக்கு வரும் ஓடிபி, ‘சரிபார்ப்புக்காக’ அங்கிளின் ஐடி நகல். எல்லாம் போயிற்று.

அப்புறம் அவர் என்ன செய்தார் என்பது சேனலின் மெயில் பெட்டியில் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொரு கிளெய்மையும் திறந்து டிஸ்பியூட் (மறுப்பு) போட்டிருக்கிறார். டிஸ்பியூட் போடும்போது காரணம் கேட்கும்: இது என் சொந்தப் படைப்பு, என்னிடம் உரிமம் இருக்கிறது, நியாயமான பயன்பாடு, பொது உடைமை என்று. எல்லாவற்றுக்கும் ‘உரிமம் இருக்கிறது’ என்று தட்டி, ஒரே வாக்கியத்தை ஒட்டியிருக்கிறார். எங்களிடம் எந்த உரிமமும் கிடையாது. டிஸ்பியூட் போட்டால் கிளெய்ம் செய்தவருக்கு 30 நாள் அவகாசம். அவர்கள் பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாக விலகும். அப்படிச் சில விலகின. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அங்கிளுக்கு அனுப்பி, “பாருங்க ஐயா, கிளீன் ஆகுது” என்று சொல்லி, ‘அப்பீல் கட்டணம்’ என்று இன்னொரு 6,000 வாங்கிக்கொண்டார்.

சென்னையிலுள்ள ஓர் இசை நிறுவனம் மட்டும் விடவில்லை. டிஸ்பியூட்டை நிராகரித்தது. நம் ஆள் அப்பீல் போட்டார். அப்பீல் என்பது விளையாட்டில்லை. அதற்குப் பிறகு உரிமைக்காரருக்கு 7 நாள்தான். ஒன்று கிளெய்மை விட வேண்டும், இல்லையென்றால் வீடியோவை இறக்கச் சொல்லிச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்துவிட்டார்கள். அங்கேதான் கிளெய்ம் ஸ்ட்ரைக்காக மாறுகிறது. மூன்று வீடியோ, மூன்று ஸ்ட்ரைக், சேனல் காலி. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தங்கள் பாட்டுக்கு உரிமம் இருப்பதாக எவரோ பொய் சொன்னால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் திருக்குறள் ஒப்பிக்கும் சேனலும் அதே கணக்கில்தான் இருந்தது. ஸ்ட்ரைக்கால் மூடினால் தொடர்புள்ள சேனல்களும் போகும், புதிதாகத் தொடங்கவும் கூடாது. அதுவும் போயிற்று. அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.

கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, திருப்புகழ் அருணகிரிநாதர் பாடினது. ஐந்நூறு வருசமாச்சு. அதுக்கு எவன்பா சொந்தக்காரன்?” நியாயமான கேள்வி, நிறைய பேர் இதையேதான் கேட்கிறார்கள். திருப்புகழ் நம் எல்லோருடையதும்தான். நீங்கள் சன்னதியில் நின்று பாடிப் பதிவு செய்தால் யாரும் கேட்க முடியாது. ஸ்பீக்கரில் ஓடுவது ஒரு பாடகர் ஸ்டூடியோவில் பாடிய ஒலிப்பதிவு, அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நம் நாட்டின் 1978-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் ஒலிப்பதிவைத் தனிப் படைப்பாகத்தான் வைக்கிறது, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. மண்டபத்தில் பாட்டுப் போட, இசை உரிமைக் கட்டணம் வசூலிக்கும் சாம்ரோ அமைப்புக்குக் காசு கட்டுகிறோமே என்று இன்னொருவர் கேட்டார். அது அந்த மண்டபத்தில் ஒலிக்கவிடுவதற்கு. வீடியோவில் சேர்த்து உலகத்துக்கே போடுவதற்கு அந்த ரசீது செல்லாது.

டிஸ்பியூட்டே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் கோயில் நாதஸ்வரக்காரர் வாசித்ததை, யாரோ வெளியிட்ட ஆல்பம் என்று மென்பொருள் முன்பு ஒருமுறை பிடித்தது. நானே டிஸ்பியூட் போட்டு, வாசித்தவர் யார், எங்கே, என்றைக்கு என்று நாலு வரி எழுதினேன். கிளெய்மை விட்டுவிட்டார்கள். காசும் செலவில்லை, நிபுணரும் தேவைப்படவில்லை.

சேனல் மூடிய பிறகும் அந்த ஆள் விடவில்லை. கவுண்டர் நோட்டிபிகேஷன் (வீடியோவை இறக்கியது தவறு என்று கொடுக்கும் எதிர் நோட்டீஸ்) அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வந்துவிடும், அதற்கு 8,000 என்றார். அதற்குள் நான் வந்துவிட்டேன். பத்து நாள் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது: அமெரிக்க வேலை நாள் பத்துக்குள் உரிமைக்காரர் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். அவர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி. அந்தப் படிவத்தில் உங்கள் நிஜப் பெயர், முகவரி எழுத வேண்டும், அது அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறேன், வீடியோ தவறுதலாகத்தான் இறக்கப்பட்டது, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தவர் பாட்டை வைத்துக்கொண்டு எழுபது வயது அங்கிள் இதில் கையெழுத்துப் போடுவதா?

நான் முடியாது என்றதும் வேறொரு எண்ணிலிருந்து ‘யூடியூப் சட்டப் பிரிவு’ என்று செய்தி. இலவச மெயில் முகவரி, அதே எழுத்துப்பிழைகள், கட்டணம் மட்டும் டாலரில். ஸ்ட்ரைக்கை நீக்க யூடியூப் யாரிடமும் காசு வாங்குவதில்லை. அது போக வழி மூன்றுதான்: காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருப்பது, நோட்டீஸ் கொடுத்தவரே திரும்பப் பெறுவது, நியாயம் நம் பக்கம் இருந்தால் கவுண்டர் நோட்டிபிகேஷன். வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் அழியாது. நாலாவது வழி இருக்கிறது என்பவர் உங்கள் பர்ஸைத்தான் பார்க்கிறார்.

இந்த ஏற்பாட்டை வைத்துக் காசு பறிப்பது உலகம் முழுக்க நடக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிறிஸ்டோபர் பிரேடி என்பவர்மேல் யூடியூபே வழக்குப் போட்டது. விளையாட்டு வீடியோ போடும் பையன்கள்மேல் பொய் நோட்டீஸ் கொடுத்து ஸ்ட்ரைக் வாங்கவைத்து, பேபாலில் 150 டாலரோ பிட்காயினில் 75 டாலரோ அனுப்பினால் விடுகிறேன் என்று மிரட்டியதாகக் குற்றச்சாட்டு. மன்னிப்புக் கேட்டு 25,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வழக்கைச் சந்தித்த இரண்டு பேர் தங்களுடையதே அல்லாத 50,000-க்கு மேற்பட்ட பாட்டுகளைக் கன்டென்ட் ஐடி வழியாகத் தங்களுடையது என்று சொல்லி 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார்கள். அதில் ஒருவருக்கு 2023-இல் 70 மாதச் சிறை. நம்மிடம் வருபவர் இவர்களுக்கு முன் சில்லறை ஆள்தான். ஆனால் சில்லறையாகப் போவதால்தான் யாரும் புகார் கொடுப்பதில்லை.

நாங்கள் கொடுத்திருக்கிறோம். போலீஸில் முதலில் “யூடியூப் விஷயமா?” என்று சிரித்தார்கள். சைபர் குற்றச் சட்டம் இங்கே 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது, அதில் சைபர் மோசடி தனிக் குற்றம் என்று சொல்லி, இன்வாய்ஸ், பணம் அனுப்பிய ரசீது, வாய்ஸ் நோட் எல்லாம் கொடுத்தபின் கேஸ் நம்பர் கிடைத்தது. பாங்கில் கேட்டோம். பணம் போன கணக்கு யாரோ ஒரு பெண்மணி பெயரில், அன்றைக்கே காலி. ஐடி நகல் அவர் கையில் இருப்பதுதான் அங்கிளுக்கு இப்போது தூக்கமில்லாத விஷயம். எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் இலவசமாகப் பதிவு செய்து வைக்கலாம், உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் எச்சரிக்கை காட்டும். செய்துவிட்டோம். ஐடி நகல் கொடுத்தவர்கள் இன்றைக்கே செய்யுங்கள்.

சேனலை ஒருவரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். ஸ்டூடியோ செட்டிங்ஸில் பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் எடிட்டர் என்றோ பார்வையாளர் என்றோ சேர்க்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். பள்ளிக்கும் கோயிலுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். நேரலை முடிந்ததும் ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்கில் இறக்கி வையுங்கள். எங்களிடம் 2021-க்குப் பிறகானது பெரும்பாலும் இருக்கிறது. அந்த முதல் பெரிய வெள்ளி இல்லை. அந்த நேரலையை யாராவது போனில் பதிவு செய்து வைத்திருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, அனுப்புங்கள்.

சென்னை நிறுவனத்துக்கு நடந்ததை எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டு, மூன்றில் ஒரு நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். மற்ற இரண்டு அவர்கள் சட்டப் பிரிவில் இருக்கிறது. யூடியூபுக்கும் எழுதியிருக்கிறோம். சேனல் இன்னும் திரும்பவில்லை.

அந்த ஆளின் எண்ணையும் பெயரையும் இங்கே போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. தவிர, எண்ணை மாற்றிக்கொண்டேதான் வருகிறார். கடைசியாக டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவருக்கு அதே வாய்ஸ் நோட் போயிருக்கிறது. “முருகன் காரியம்” என்ற இடத்தில் “உங்க பிசினஸ்” என்று மாற்றியிருக்கிறார், பதினாலு மட்டும் பதினாலாகவே இருக்கிறது. உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்து, எனக்குத் தனியாக எழுதுங்கள். கேஸ் நம்பர் தருகிறேன், உங்கள் புகாரையும் அதோடு சேர்க்கச் சொல்லலாம்.