குழந்தைக்கு டிபி தடுப்பு மாத்திரை: ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6 மாதம்

மாமனாருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி என்று தெரிந்ததும், காசநோய்ப் பிரிவிலிருந்து சுகாதாரப் பார்வையாளர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் மூன்று வயது மகள் எந்நேரமும் தாத்தா மடியில்தான் இருப்பாள். அவளுக்கு இருமல், காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று விசாரித்து, எக்ஸ்ரேவும் எடுத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே, நோய் வராமல் தடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையை ஆரம்பித்தார்கள். எல்லாமே இலவசம்.

"பிறந்ததும் பிசிஜி தடுப்பூசி போட்டாச்சே, இது எதுக்கு?" என்று கேட்டார் என் அம்மா. அந்தப் பார்வையாளர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். பிசிஜி, சிறு குழந்தைகளுக்கு டிபி மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகள் வராமல் ஓரளவு காக்கும். ஆனால் வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது அதை மட்டும் நம்ப முடியாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குள் கிருமி போனால் அது நோயாக மாறும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். இதைக் கேட்ட பிறகு அம்மா ஒருநாளும் தடை சொல்லவில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அரை மணி நேரப் பேச்சுதான்.

எங்களுக்குத் தந்தது தண்ணீரில் கரையும் 100 மில்லிகிராம் மாத்திரை. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கு என்பதால் மாதாமாதம் எடை பார்த்தார்கள். காலையில் இட்லிக்கு முன்னால், ஆறிய வெந்நீரில் கரைத்து உடனே ஊட்டிவிடுவேன். சர்க்கரைத் தண்ணீரில் கலக்க வேண்டாம் என்றார்கள். லேசான கசப்புதான், நசுக்கிக் கொடுக்கும் சாதா மாத்திரையோடு போராடுவதற்கு இது எவ்வளவோ மேல். ஒருமுறை குடித்த உடனே கக்கிவிட்டாள். அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன், மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, சாப்பிட மறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அப்படி எதுவும் வரவில்லை.

நன்றாக ஓடியாடுகிற பிள்ளைக்குத் தினமும் மருந்து கொடுப்பதுதான் கஷ்டம். இரண்டு மாதம் போனதும் வீட்டில் எல்லோருக்கும் அசதி வந்துவிடும். எங்களுக்குக் கைகொடுத்தவர் மாமனார். அவருக்கும் 6 மாத சிகிச்சை. தன் மாத்திரையைப் போட்டதும் பேத்தியைக் கூப்பிடுவார். காலண்டரில் இருவருக்கும் சேர்த்து அவரே டிக் போடுவார்.

ஒரே ஒரு குறை. ஒரு மாதம் மருந்து இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். விடாமல் கொடுக்கச் சொல்லிவிட்டு இப்படிச் செய்வது சரியில்லை. பார்வையாளர்தான் அலைந்து வேறொரு நிலையத்திலிருந்து வாங்கிக் கொடுத்தார். இதை மட்டும் சரிசெய்ய வேண்டும். நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போன் செய்து இருப்பைக் கேட்டுவிடுங்கள்.