பல் பிடுங்காமல் அனுப்பிய டாக்டரம்மா

மகளுக்கு 6 வயது. கீழ்வரிசை முன்பல் ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை. அதற்குள் பின்னாலேயே புதுப்பல் அரிசி முனை போல எட்டிப் பார்த்துவிட்டது. முதலில் போன இடத்தில் எடுத்த எடுப்பிலேயே பிடுங்கவேண்டும் என்றார்கள். மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் மதுரை தெப்பக்குளம் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா மகளின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, “நீயே ஆட்டிக் காட்டு தங்கம்” என்றார். புதுப்பல் வர வர பால்பல்லின் வேர் கரையும். அது உள்பக்கமாக முளைத்தால் வேர் சரியாகக் கரையாமல் பழையது நின்றுவிடும் என்று நிதானமாகச் சொன்னார். நன்றாக ஆடுவதால் கொய்யா, கேரட் கடிக்கட்டும், 3 வாரம் பார்ப்போம் என்றார். கடைவாயில் புதிதாக வந்திருந்த பல்லையும் காட்டினார். பால்பல் எதுவும் விழாமலே முளைப்பதாம் அது. விழுந்தால் திரும்ப முளைக்காது. நாங்கள் கவனிக்கவே இல்லை.

11ஆம் நாள் கொய்யாக்காயோடு பல் வந்துவிட்டது. அப்பத்தா அதைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிந்தார்.

கட்டணம் 300 ரூபாய். சனிக்கிழமை மாலை மட்டும் போகாதீர்கள், ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.